ராசேயின் திருமதி மக்லவுட்: ஒரு ரீலின் முகவரி

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு எடின்பரோவில் ஒரு மாலை நேர ஃபிடில், அதாவது நாட்டுப்புறப் பாணி வயலின், வகுப்பில் சேர்ந்தேன். சிறு வயதில் எட்டு ஆண்டுகள் கர்நாடக முறையில் வயலின் கற்றிருக்கிறேன். அந்தப் பயிற்சி இங்கே பாதிதான் கைகொடுத்தது. சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வாசித்துப் பழகிய கைகள், நின்றபடி தோளில் தாங்கி, நான்கு தந்திகளும் ஒன்றிலிருந்து ஒன்று பஞ்சம இடைவெளியில் ஏறிச்செல்லும் வேறொரு கட்டில் தடுமாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. இங்கேயும் பாடம் காதால்தான். ஆசிரியை ஓர் அடியை வாசிப்பார்; நாங்கள் பத்துப் பேரும் திருப்பி வாசிப்போம்; தவறு தீர்ந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போவோம். எழுதிய தாள் வகுப்பு முடியும்போதுதான் கைக்கு வரும்.

நான்காவது வாரம் அவர் எடுத்துக்கொண்டது 'மிஸஸ் மக்லவுட் ஆஃப் ராசே' என்ற ரீல், அதாவது விரைவான நடன மெட்டு. ஸ்காட்லாந்தில் ஃபிடிலும், பையில் காற்றடைத்து வாசிக்கும் குழல் கருவியான பேக்பைப்பும் ஒருசேரச் சொந்தம் கொண்டாடும் மெட்டுகளில் இது ஒன்று. நடன அரங்கிலும் கேட்கலாம், குழல் வாசிப்போரின் போட்டி மேடையிலும் கேட்கலாம். எனக்குத் தெரிந்த மொழியில் மனத்துக்குள் ஸ்வரப்படுத்திக்கொண்டேன். ஸ , க ஸ ப ஸ க ஸ. க , க ரி க ம க ரி. மீண்டும் ஸ , க ஸ ப ஸ க ஸ. பிறகு ரி , ரி ஸ ரி ம க ரி. நான்கே அடிகள், பிள்ளைகள் கூடப் பாடிவிடக்கூடிய எளிய நடை. இரண்டாம் பகுதி மேல் ஸட்ஜம் வரை ஏறிவிட்டு, அதே கடைசி அடிக்கு இறங்கி வருகிறது. மூன்று சுற்று வாசித்ததும் ஆசிரியை கை காட்டினார். எல்லோரும் நிறுத்தினார்கள். நான் மட்டும் இன்னும் ஒரு வில் இழுத்து, ரிஷபத்திலிருந்து ஸட்ஜத்துக்கு வந்து நின்றேன். எத்தனையோ ஆண்டுகளின் பழக்கம். பாட்டு வீடு வந்து சேராமல் என் கை ஓயாது. ஆசிரியை புன்னகைத்தார். "அதை முடித்துவிடாதீர்கள்; ஆடுகிறவர்கள் இன்னும் நிற்கவில்லை" என்றார்.

வகுப்பு முடிந்து பெட்டியைப் பூட்டும்போது, யார் இந்த மிஸஸ் மக்லவுட் என்று பொதுவாகக் கேட்டேன். பணி ஓய்வு பெற்ற சக மாணவர் ஒருவர், பழைய மெட்டுகளுக்கெல்லாம் இப்படி யாராவது ஒரு சீமாட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும், அது அந்தக் காலத்து மரியாதையே தவிர வேறொன்றுமில்லை என்றும், மெட்டுதான் முக்கியம், பெயர் வெறும் சீட்டு என்றும் சொன்னார். அன்போடு சொன்ன பதில்தான். ஆனாலும் என் மனம் அதை ஏற்கவில்லை. நான் கற்ற இசையில், பாட்டைக் கட்டியவர் தம் முத்திரையைச் சாகித்யத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார். பாடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரை வாயால் சொல்லியாக வேண்டும். இங்கே கட்டியவரின் பெயர் எங்குமில்லை. கட்டாத ஒருவரின் பெயர் மேலே நிற்கிறது. அதை வெறும் சீட்டு என்று கடந்துபோவதற்கு முன், அந்தச் சீட்டை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

அச்சில் ஏறிய பெயர்

இந்த ரீல் பெயரோடு அச்சில் நிலைபெற்றது 1809-இல், எடின்பரோவில் வெளிவந்த கவ் குடும்பத்தின் ஐந்தாம் தொகுப்பில். பெர்த்ஷயரில் டன்கெல்டுக்கு அருகே இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்த நீல் கவ், தம் காலத்தில் ஸ்காட்லாந்தின் முதன்மையான ஃபிடில் கலைஞர். 1784-இல் முதல் தொகுப்பை வெளியிட்டவர். ஐந்தாம் தொகுப்பு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1807-இல், அவர் காலமாகிவிட்டார். அதைக் கொண்டுவந்தவர் எடின்பரோவில் இசைப் பதிப்பகம் நடத்திய அவர் மகன் நதானியல் கவ். இத்தகைய தொகுப்புகளை வாங்கியவர்கள் நிலப்பிரபுக்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். நடன விருந்துகளுக்கு இசைக்குழுவை அமர்த்தியவர்களும் அவர்களே. ஆகவே பக்கத்துக்குப் பக்கம் பிரபுக்கள், சீமாட்டிகள், அவர்களுடைய மகள்கள், மாளிகைகள் ஆகியோரின் பெயர்கள். புரவலரைப் போற்றுவது எந்த நாட்டுக் கலைக்கும் புதிதன்று. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த ரீலின் தலைப்புக்குக் கீழே கவ் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். இது ஸ்கை தீவின் அசல் ரீல் என்றும், மக்லவுட் என்பவர் இதைத் தெரிவித்தார் என்றும் அது சொல்கிறது. இந்தச் சிறு குறிப்பு எனக்குப் பெரிய செய்தி. தாமே கட்டியதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. தம் தந்தை கட்டியதாகவும் சொல்லவில்லை. மெட்டு ஏற்கெனவே அந்தத் தீவுகளில் வழங்கிவந்தது. ஒருவர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். எடின்பரோவில் அதற்குப் பெயர் வைத்து அச்சிட்டார்கள். 1809-இல் ராசே தீவின் குலத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் மக்லவுட். ஸ்காட்லாந்து வழக்கில் ஒருவர் பெயருக்குப் பின் 'ஆஃப்' என்று ஓர் ஊர் வந்தால், அவர் அந்த ஊரில் வசிக்கிறார் என்பது பொருளன்று. அந்த ஊரின் நிலம் அவருடையது என்பதே பொருள். எனவே தலைப்பு குறிப்பது தலைவரின் மனைவியை. ராசேயில் பல வீடுகளில் ஒரு திருமதி மக்லவுட் இருந்திருக்கக்கூடும், ஏனெனில் அந்தத் தீவில் அது அவ்வளவு பரவலான குடிப்பெயர். 'ஆஃப்' என்ற ஒரு சொல்தான் மற்ற எல்லாத் திருமதி மக்லவுட்களையும் விலக்கி, ஒருவரை மட்டும் நாற்காலியில் அமர்த்துகிறது.

கம்பளத்தைச் சுருட்டிய வீடு

ராசே, ஸ்கை தீவுக்கும் ஸ்காட்லாந்தின் பெருநிலப்பரப்புக்கும் இடையே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு தீவு. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளம். 1746-இல் கலோடன் போரில் பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய இளவரசர் சார்லஸின் படை தோற்றபின், அவருக்குத் துணை நின்ற குற்றத்துக்காக அரசுப் படையினர் ராசேயில் இறங்கி, தலைவரின் மாளிகையையும் குடியானவர் வீடுகளையும் எரித்து, படகுகளை உடைத்து, கால்நடைகளைக் கொன்றார்கள். அதற்கு 27 ஆண்டுகள் கழித்து, 1773 செப்டம்பரில், ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அவர் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் படகில் வந்து இறங்கியபோது அதே தீவு எப்படி இருந்தது என்பதை இருவருமே விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். தலைவர், அவர் மனைவி, மூன்று மகன்கள், பத்து மகள்கள். இருட்டியதும் தரையில் விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்டினார்கள், ஃபிடில்காரரை அழைத்தார்கள், வீடு முழுவதும் ஆடத் தொடங்கியது. ஜான்சன் ஆடவில்லை, அவருக்கு அப்போது 64 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, உடலும் கனம். ஆனால் தேவதைகள் கூட அத்தனை சுறுசுறுப்போடு ஆடியதில்லை என்ற பொருள்பட எழுதினார். கடுமையான நாவுக்குப் பெயர்பெற்ற ஒருவரிடமிருந்து வந்த சொல் அது.

ஜேம்ஸ் மக்லவுட் அந்த மூன்று மகன்களில் ஒருவர், அப்போது சிறுவன். பின்னர் ரீலின் தலைப்பில் இடம்பெற்ற பெண்மணி மருமகளாக வந்து சேர்ந்தது இந்த வீட்டுக்குத்தான். பத்து மகள்களில் மூத்தவரான ஃப்ளோரா, பின்னாளில் லவுடன் பிரபுவான ஒரு படை அதிகாரியை மணந்தார். அவர்களுடைய மகள் ஹேஸ்டிங்ஸ் பிரபுவை மணந்து, அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானபோது 1813-இல் கல்கத்தாவுக்கு வந்தார். ஒரு சிறு தீவின் நடனக்கூடத்திலிருந்து இரண்டே தலைமுறையில் பேரரசின் நடனக்கூடத்துக்கு. இத்தகைய வீட்டுப் பெயர் ஒரு மெட்டின் மேல் ஏறுவதில் வியப்பில்லை.

பாஸ்வெல் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி என்னை இதைவிட அதிகமாகக் கவர்ந்தது. தீவின் நடுவே டுன் கான் என்று ஒரு குன்று இருக்கிறது. 443 மீட்டர் உயரம், உச்சி மேசை போலத் தட்டை. பாஸ்வெல் சிலரோடு அதில் ஏறி, ஆறிய ஆட்டிறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டு, பிராந்தி குடித்து, அங்கேயே ஒரு ரீல் ஆடினார். ஃபிடிலை யாரும் சுமந்து ஏறவில்லை. உடன் வந்தவர்கள் வாயால் பாடினார்கள், ஆட்டம் நடந்தது. கேலிக் மொழி பேசும் தீவுகளில் இதற்கென ஒரு மரபே உண்டு. கருவி இல்லாதபோது, மெட்டின் துள்ளலுக்கு இசையச் சொற்களை அடுக்கிப் பாடியே ஆட்டத்தை நடத்துவார்கள். 'போர்ட் அ பியல்', அதாவது வாய் மெட்டு என்று அதற்குப் பெயர். அந்தச் சொற்களில் பொருளைவிட ஒலிக்கே முதலிடம். நம் ஜதி சொல்லும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு ரீல் பிறப்பதற்கு மாளிகையும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

ஒன்பது ஸ்வரங்களும் ஒரு வில்லும்

இந்த மெட்டு ஃபிடிலில் பிறந்ததா, குழலில் பிறந்ததா என்ற வாதம் வகுப்பில் அவ்வப்போது எழும். நான் அதில் சேர்வதில்லை. ஆனால் இரு கருவிகளும் இதை எப்படிக் கையாளுகின்றன என்று கவனிப்பதில் பல மாலைகளைச் செலவிட்டிருக்கிறேன். பேக்பைப்பில் விரல்கள் ஆடும் குழலுக்கு ஒன்பதே ஸ்வரங்கள். ஸட்ஜத்துக்கு ஒரு படி கீழே தொடங்கி, மேல் ஸட்ஜத்தோடு முடிந்துவிடும். நிஷாதம் சங்கராபரணத்தின் காகலி நிஷாதமாக இராது; ஹரிகாம்போஜியின் கைசிகிக்கு அருகில் தாழ்ந்து நிற்கும். தோளில் சாய்ந்த சுருதிக் குழல்கள் இடைவிடாது ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த எல்லைக்குள் அடங்கும் மெட்டுகள் மட்டுமே இரு கருவிகளுக்கும் பொதுவாக முடியும். மிஸஸ் மக்லவுட் அந்த ஒன்பதுக்குள் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தி அமர்கிறது.

பேக்பைப்பின் இன்னொரு இயல்பு, அதில் ஒலியை நடுவில் நிறுத்த முடியாது என்பது. பையில் காற்று இருக்கும்வரை குழல் பாடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால், நடுவே வேறொரு ஸ்வரத்தை மின்னலெனத் தொட்டு வெட்ட வேண்டும். இல்லையேல் இரண்டும் ஒட்டி ஒரே நீண்ட ஒலியாகிவிடும். இந்த ரீலின் அடிகள் ஒவ்வொன்றும் நீட்டிய ஸ்வரத்தோடு தொடங்குகின்றன: ஸட்ஜம், காந்தாரம், மீண்டும் ஸட்ஜம், ரிஷபம். ஃபிடில் வாசிப்பவர் அந்த நீட்டலை அப்படியே விடுவதில்லை. வில்லின் நுனியருகே மணிக்கட்டை உதறி, ஒரே ஸ்வரத்தை மூன்று வெட்டாக நறுக்குகிறார். இதற்கு 'பிர்ல்' என்று பெயர். குழல் வாசிப்பவரிடமும் பிர்ல் உண்டு. கீழ் ஸட்ஜத்தில் நிற்கும்போது சுண்டுவிரலால் அடித்துளையை இருமுறை உரசி, அதே துடிப்பை வரவழைக்கிறார். ஒன்று வலக்கை மணிக்கட்டின் வேலை, மற்றது சுண்டுவிரலின் வேலை. பெயரும் ஒன்று, காதில் விழும் துள்ளலும் ஒன்று. எனக்கு பிர்ல் கைவர ஐந்து மாதம் ஆயிற்று. அனுஸ்வரங்களை இடக்கை விரல்களால் வழுக்கிக் கொண்டுவரப் பழகியவர்களுக்கு, அலங்காரத்தை வலக்கைக்கு மாற்றுவது எழுதும் கையை மாற்றுவது போன்றது.

குழலைப் பற்றிப் பேசும்போது ராசேயின் ஜான் மக்காயை விட்டுவிட முடியாது. 1767-இல் அந்தத் தீவில் பிறந்தவர், பெற்றோரை இழந்தவர். பாஸ்வெல்லோடு டுன் கானில் ஏறிப் பாடிய முதியவர் மால்கம் மக்லவுட்தான் இவருக்கு முதல் ஆசான் என்பது மரபுச் செய்தி; தலைவரின் குடும்பமே இவரை மேலும் கற்க அனுப்பி, தங்கள் குழலிசைக் கலைஞராக வைத்துக்கொண்டது. அவர் மகன் ஆங்கஸ் மக்காயும் ராசேயில் பிறந்தவரே. 1843-இல் விக்டோரியா அரசியின் முதல் அரண்மனைக் குழலிசைக் கலைஞரானார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைவரின் வீடு கலையைப் பேணிய வீடு. கம்பளத்தைச் சுருட்டிய வீடு, அனாதைச் சிறுவனின் விரலில் இருந்த திறமையைக் கண்டுகொண்ட வீடு. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டால் நான் நியாயம் தவறியவனாவேன்.

அமெரிக்கா என்ற ஆட்டம்

ராசேயை விட்டுக் கிளம்பிய சில வாரங்களில், அதே 1773 அக்டோபரில், பாஸ்வெல் ஸ்கை தீவின் ஆர்மடேலில் ஒரு புதிய ஆட்டத்தில் கலந்துகொண்டார். அதற்கு 'அமெரிக்கா' என்று பெயர். முதலில் ஒரு ஜோடி சுழலும், பிறகு அடுத்த ஜோடி, பிறகு அடுத்தது, கடைசியில் அறை முழுவதும் சுழன்றுகொண்டிருக்கும். குடிபெயர்தல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, ஓர் ஊரே மிதக்கத் தொடங்குவதை ஆடிக் காட்டுவதற்காகவே அது அமைந்தது போலிருக்கிறது என்று அவர் எழுதினார். அடுத்து அவர் பதிவு செய்ததை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. முந்தைய ஆண்டு போர்ட்ரீயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிளம்பியபோது, கரையில் நின்ற உறவினர்கள் தரையில் விழுந்து புரண்டு, புல்லைப் பல்லால் கடித்துப் பிடுங்கினார்களாம். அந்த ஆண்டு ஒருவர் கண்ணிலும் நீர் வரவில்லை. தாங்களும் விரைவில் பின்னால் வரப்போகிறோம் என்று கரையில் நின்றவர்கள் நினைத்ததாகத் தோன்றியது. இதை அவரிடம் சொன்னவர் ஒரு பெண்மணி.

கப்பலேறியவர்களோடு மெட்டுகளும் ஏறின. மிஸஸ் மக்லவுட் அமெரிக்காவின் தென்பகுதி மலைகளில் 'ஹாப் ஹை லேடீஸ்' ஆனார். வேறு இடங்களில் 'அங்கிள் ஜோ' ஆனார். சொற்களோடு பாடும் விளையாட்டுப் பாட்டும் ஆனார். அயர்லாந்தில் மணமாகாத 'மிஸ் மக்லவுட்' ஆகி, அங்கே அது ஐரிஷ் ரீலாகவே வேரூன்றிவிட்டது. சுருதியும் ஒரு படி இறங்கியது. ஸ்காட்லாந்தின் மதுக்கூடங்களில் கூட, இது ஐரிஷ் மெட்டு என்று உறுதியாகச் சொல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இருநூறு ஆண்டு வாசித்த கைகளுக்கு உரிமை இல்லையென்று யார் சொல்வது? ஆனால் இந்தப் பெயர்களையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. 'மிஸஸ்' மாறியிருக்கிறது, 'மக்லவுட்' திரிந்திருக்கிறது. எல்லா இடத்திலும் முதலில் உதிர்ந்தது 'ராசே' என்ற சொல். நான் அதுவரை தலைப்பில் இருந்த பெண்மணியையே தேடிக்கொண்டிருந்தேன்.

ஹாலெய்க்

சென்ற ஆண்டு மே மாதம் ராசேக்குப் போனேன். ஸ்கை தீவின் ஸ்கான்சரிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி தீவில் 161 பேர். இன்றும் நிற்கிற ராசே மாளிகையை முதல் நாளே பார்த்தேன். மரங்கள் சூழ்ந்து, கடலையும் ஸ்கையின் மலைகளையும் நோக்கி, கம்பீரமாக இருக்கிறது. இரண்டாம் நாள், கிழக்குக் கரையோரமாக ஹாலெய்க்குக்கு நடந்தேன். வலப்பக்கம் கடல், அதற்கப்பால் ஆப்பிள்கிராஸ் மலைகள். இடப்பக்கம் ஏற்றம், அதன் மேல் டுன் கானின் தட்டையான தலை. வழியில், ராசேயில் பிறந்த கேலிக் கவிஞர் சோர்லி மக்லீனின் கவிதையைத் தாங்கிய கல் நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டிச் சென்றால் ஓடை. ஓடைக்கு அப்பால் பசும்புல் சரிவில், கூரையிழந்த கல் வீடுகள்.

நடந்தது இதுதான். 1843-இல், கடன் மேல் கடன் ஏறி, ஜேம்ஸின் மகன் ஜான் மக்லவுட் தீவை விற்றுவிட்டு ஆஸ்திரேலியப் பக்கம் போய்விட்டார். வாங்கியவர் ஜார்ஜ் ரெய்னி. தென் அமெரிக்காவின் டெமராராவில் பொருளீட்டிய வணிகர். நம் ஊர்க் கூலிகளும் பின்னாளில் சென்னையிலிருந்து கப்பலேறிய அதே டெமராரா. செம்மறியாட்டு மேய்ச்சலுக்காக அவர் 1850-களில் ஊர் ஊராகக் குடிகளை வெளியேற்றினார். ஹாலெய்க், ஸ்க்ரேபடல் என்று நல்ல நிலமுள்ள ஊர்கள் காலியாயின. மிஞ்சியவர்கள் தீவின் வடமுனைப் பாறை நிலத்துக்கும் பக்கத்துத் தீவான ரோனாவுக்கும் ஒதுங்கினார்கள். மற்றவர்கள் கடல் கடந்தார்கள். குடிகள் பெருகக்கூடாதென்று அவர் திருமணத்தையே தடை செய்தார் என்று, 1883-இல் குடியானவர்களின் குறைகளை விசாரித்த நேப்பியர் ஆணையத்தின் முன் ராசேயின் முதியவர்கள் சாட்சி சொன்னார்கள்.

ஒரு வீட்டுக்குள் போனேன். சுவர் என் மார்பளவுக்கு நின்றது. மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருந்தன. வாசல் இருந்த இடத்தில் இரண்டு பெரிய கற்கள், நடுவே ஆடுகள் நடந்து நடந்து பள்ளமான தடம். உள்ளே பெரணியின் புதுத் தளிர்கள் சுருள் அவிழ்ந்துகொண்டிருந்தன. ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. தரையை எட்டு வைத்து அளந்தேன். நீளவாக்கில் பத்து எட்டு, அகலத்தில் நாலரை. நால்வர் ஆடும் ரீலில் நான்கு பேரும் ஒரே வரிசையில் நின்று, எட்டு என்ற எண்ணின் வளைவில் ஒருவரை ஒருவர் சுற்றிக் கடந்து, பிறகு நின்ற இடத்திலேயே எதிரெதிராகக் கால் போட்டு ஆடுவார்கள். பலமுறை அதற்கு வாசித்திருக்கிறேன். எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியும். இந்தத் தரை போதும். இங்கே ஃபிடில் இல்லாவிட்டாலும், அடுப்பருகே அமர்ந்த ஒருவர் வாயாலேயே பாடியிருப்பார். இங்கே சுருட்டுவதற்குக் கம்பளம் இருந்திராது, மண் தரை.

ஸ்கை தீவின் அசல் ரீல் என்று கவ் எழுதிய குறிப்பின் பொருள் அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. தலைவரின் வீட்டுக்கு வருவதற்கு முன் மெட்டு இருந்த இடம் இத்தகைய தரைகள்தான். மாளிகை அதைக் கேட்டது, விரும்பியது, எடின்பரோவுக்கு அனுப்பியது, தன் பெயரை அதற்கு அளித்தது. அதில் பழி சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெயர் இல்லாதிருந்தால், இது ராசேயோடு தொடர்புள்ளது என்பதே எனக்குத் தெரிந்திராது. அதனால்தான் வருத்தமும். உரிமையாளர் என்று காட்டுவதற்காகச் சேர்த்த அந்த ஊர்ப்பெயர், உரிமையாளர்களே தீவை விற்றுவிட்டுப் போன பிறகு, இந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு மெட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளம். இந்த வீட்டில் இருந்த பெண்ணும் மக்லவுட்டாக இருந்திருக்கலாம். அவரும் ராசேயைச் சேர்ந்தவர்; அவருக்கு 'ஆஃப்' போட எந்தப் பதிப்பாளரும் இல்லை.

சக மாணவர் சொன்னதில் பாதியை இன்று ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சீமாட்டியின் பெயர் காலத்தின் மரியாதைதான். அவரைப் பற்றி மேலும் அறிந்தாலும் மெட்டு எனக்கு இன்னும் நெருங்கி வந்துவிடாது. ஆனால் ஊர் சீட்டல்ல. மெட்டை வாசிக்கிறவர்கள் எந்தச் சுருதியிலும் வாசிக்கட்டும், எந்த நாட்டு வில்லாலும் வாசிக்கட்டும். அறிவிக்கும்போது ராசே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று, கேட்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிஷபத்தில் நிற்கும் அந்த அடியைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. அதை ஒரு குறையாகவும், முடிக்காமல் விட்ட வேலையாகவும் எண்ணியிருந்தேன். நாலரை எட்டு அகலமுள்ள தரையில் ஆடுகிறவர்களுக்கு வாசித்த யாரோ ஒருவர், அடுத்த சுற்றுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். ஆடுகிறவர்கள் களைக்கும்வரை மெட்டு தானாக நிற்காது.

இந்த ஜனவரியில் எங்கள் வகுப்பினர் ஓர் ஊர்க் கூடத்தில் நடந்த கெய்லி என்ற நடன நிகழ்ச்சிக்கு வாசித்தோம். மெட்டு வரிசையை எழுதிய தாளில் 'மிஸ் மக்லவுட்' என்று மட்டும் இருந்தது. ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து, 'மிஸ்' என்பதை அடித்துவிட்டு 'மிஸஸ்' என்று திருத்தி, பின்னால் 'ராசே' என்று எழுதினார். பிறகு அதன் கீழேயே கேலிக் எழுத்துக்கூட்டலில் மறுபடியும் அந்த ஊர்ப்பெயரை எழுதினார். மேடையிலிருந்து அவரே அறிவித்தார்.

எட்டாவது சுற்றில் என் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. கூடத்தின் பலகைத் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. வாசலருகே ஒரு பாட்டியும் பத்து வயதுப் பேரனும் கை கோத்துச் சுழன்றுகொண்டிருந்தார்கள். இங்கே ஃபிடில் குழுவை நடத்துகிறவர் கடைசிச் சுற்று என்பதைக் காலை உயர்த்திக் காட்டுவார். நான் ஆசிரியையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று. ரி , ரி ஸ ரி ம க ரி. மறுபடியும் ஸட்ஜம், மறுபடியும் முதல் அடி. பன்னிரண்டாவது சுற்றின் நடுவே அவர் இடக்காலை உயர்த்தினார். பத்துப் பேரும் ஒன்றாக ஸட்ஜத்தில் நிறுத்தினோம்.